பொறுக்கிப் போட்ட சொத்தைக் கடலை கடைசியில் எங்கே போகிறது?

செஞ்சிக்காரன் | நவம்பர் 18, இரவு 9:12

வணக்கம். செஞ்சிப் பக்கம் இரண்டு ஏக்கரில் மானாவாரியாக மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டிருந்தோம். புரட்டாசி முழுக்க மண் காய்ந்து கிடந்தது. ஐப்பசியில் பிடுங்கிப் போட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டு நான்கு நாள் விடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்ததில் காயெல்லாம் புழுங்கிவிட்டது.

உடைத்தபின் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து பொறுக்கியதில் 35 கிலோ கழிவு நின்றது. கருத்தது, சுருங்கியது, மேலே மஞ்சள்பச்சையாகப் பொடி ஒட்டியது எல்லாம் அதில் சேர்த்தி. நல்ல பருப்பை விற்றாயிற்று. கழிவை எப்போதும் செக்கில் கொடுத்து ஆட்டி, எண்ணெயை வீட்டுக்கும் புண்ணாக்கை மாட்டுக்கும் வைத்துக்கொள்வோம். அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். போன வருடப் புண்ணாக்கு இன்னும் ஒரு மூட்டை கிடக்கிறது, அதைத்தான் இரண்டு மாடும் தின்கின்றன.

நண்பர் ஒருவர் அஃப்ளாடாக்சின் என்று ஏதோ சொல்லிப் பயமுறுத்திவிட்டார். ஆட்டும்போது வருகிற சூட்டில் பூஞ்சணம் செத்துவிடாதா? மாட்டுக்குப் போட்டால் ஏதாவது ஆகுமா? என் மூன்று வயதுப் பெண் இந்த மாட்டுப் பாலைத்தான் குடிக்கிறாள். மீதி சொசைட்டிக்குப் போகிறது.

---

அகிலா_ஆய்வகம் | நவம்பர் 18, இரவு 10:40

தம்பி, அந்த 35 கிலோவை இப்போதைக்கு யாருக்கும் எதற்கும் கொடுக்க வேண்டாம். தனியாகக் கட்டி வையுங்கள். நான் பதினான்கு வருடமாக உணவுப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் இருக்கிறேன். பாதி வேலை இந்த நஞ்சோடுதான்.

சூட்டில் பூஞ்சணம் செத்துப்போகும், சரி. ஆனால் சாவதற்கு முன்னால் அது பருப்புக்குள் விட்டுவைத்த அஃப்ளாடாக்சின் அப்படியே இருக்கும். அதன் முக்கிய வகையான பி1, 260 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகவே தொடங்குகிறது. வறுத்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. வேகவைத்தாலும் போகாது.

இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே கடலைப் புண்ணாக்கில்தான். 1960இல் இங்கிலாந்தில் பண்ணைகளில் வளர்த்த வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தன. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்து எடுத்துக் கோத்ததுதான் அஃப்ளாடாக்சின் என்ற சொல். புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்ததை பி என்றார்கள், பச்சையாக ஒளிர்ந்ததை ஜி என்றார்கள். பாலில் வருவதை எம் என்றார்கள்.

அந்த எம் எழுத்துதான் உங்கள் கேள்விக்குப் பதில். மாடு தின்ற பி1இல் ஒரு பங்கு அதன் ஈரலில் மாறி எம்1 ஆகி, மடிக்கு வந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

---

ஆடிப்பட்டம் | நவம்பர் 19, காலை 6:25

அகிலா அம்மா, மரியாதையோடு ஒரு சந்தேகம். என் தாத்தா 88 வயது வரை இருந்தார். வாழ்நாள் முழுக்க இதே செக்கெண்ணெய், இதே கடலை, இதே மாட்டுப்பால். நீங்கள் சொல்வது போல என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இருந்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கடலை ஏற்றுமதியில் கொஞ்ச நாள் இருந்தவன் நான். ஐரோப்பா நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. நம் நாட்டில் அதே கடலைக்கு 10, மேற்கொண்டு பக்குவம் செய்யப் போகிற கடலைக்கு 15. 2001இல் உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஐரோப்பா கொண்டுவந்த கடுமையான வரம்பால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு வருடத்துக்கு 67 கோடி டாலர் ஏற்றுமதி போகும், அதனால் தடுக்கப்படும் சாவு வருடத்துக்கு நூறு கோடிப் பேரில் ஏறக்குறைய 1.4 என்றார்கள். ஏழை விவசாயி வயிற்றில் அடித்துவிட்டு இதற்கு உணவுப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது நியாயமா?

---

அகிலா_ஆய்வகம் | நவம்பர் 19, காலை 11:05

ஐயா, அந்த உலக வங்கிக் கணக்கு எனக்கும் தெரியும். வரம்பை அவ்வளவு கடுமையாக்குவதால் ஐரோப்பியருக்குக் கிடைக்கும் நன்மை சொற்பம் என்று அது காட்டியது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திருப்பி அனுப்பிய சரக்கு என்ன ஆனது என்று அந்தக் கணக்கில் இல்லை. துறைமுகத்தில் தேறாத கடலை கடலில் கொட்டப்படுவதில்லை. உள்ளூர்ச் சந்தைக்கு வரும், இல்லாவிட்டால் செக்குக்கும் தீவனத்துக்கும் போகும். நல்லது வெளியே போகப் போக, மிஞ்சியதைத் தின்பது விளைவித்தவனின் பிள்ளைதான். செஞ்சிக்காரர் தம்பி வீட்டில் நடப்பதும் அதுவே. நல்ல பருப்பு விற்றாயிற்று, கழிவு வீட்டுக்கு.

தாத்தா விஷயம். இந்த நஞ்சு இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் சில வாரங்களில் ஈரல் கெட்டு உயிர் போகும். 1974 அறுவடைக் காலத்தில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில் அப்படி நடந்தது. சோளம் முற்றும் நேரத்தில் பருவம் தப்பிய மழை. நனைந்த மக்காச்சோளத்தைத் தவிர உண்ண வேறு இல்லாத பழங்குடிக் கிராமங்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது என்று நோய் பரவியது. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலானோர் போய் ஆராய்ந்தார்கள். தொற்றுக் காமாலை இல்லை என்று அவர்களை யோசிக்க வைத்தவற்றில் ஒன்று, அந்த வீடுகளின் நாய்களும் அதே மாதிரி செத்துக் கிடந்ததுதான். அதே சோள ரொட்டியைத்தான் நாயும் தின்றது. 2004இல் கென்யாவிலும் இதே கதை. 317 பேருக்கு நோய், 125 சாவு, அங்கும் ஈரமாக வீட்டில் சேமித்த மக்காச்சோளம்தான்.

இன்னொரு விதம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உள்ளே போவது. ஈரல் இந்த நஞ்சை வெளியேற்றப் பார்க்கும்போதே அதை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றிவிடுகிறது. அது போய் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. 1991இல் சீனாவின் சிடோங், தென் ஆப்பிரிக்கா என்று நஞ்சு அதிகமுள்ள இடங்களின் ஈரல் புற்றுநோய்க் கட்டிகளைப் பார்த்தபோது, பி53 என்ற காவல் மரபணுவில் 249 என்ற ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பிழை இருந்தது.

தாத்தாக்கள் எல்லோரும் சாகவில்லை என்பது உண்மைதான். ஷாங்காயில் 18,000 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. ஹெபடைடிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு. ஆக, யாருக்கு அடிக்கும் என்பது இந்த நஞ்சோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. உங்கள் தாத்தாவுக்கு அப்படிச் சேர்ந்து வேறு எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டில் ஐம்பது வயதில் 'காமாலை முற்றிப் போய்விட்டார்' என்று சொல்லப்பட்டவரை நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

---

மல்லிகைப்பந்தல் | நவம்பர் 19, மதியம் 2:30

படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. நெய்வேலியில் இருக்கிறேன். என் பையனுக்கு இரண்டரை வயது. தினம் சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலையும் வெல்லமும் கொடுக்கிறேன், புரதச்சத்து என்று டாக்டர் சொன்னதால். நிறுத்திவிட வேண்டுமா? இணையத்தில் புறஊதா டார்ச் விற்கிறார்கள், அதை வாங்கி அடித்துப் பார்க்கலாமா? ஹெபடைடிஸ் தடுப்பூசி போட்டால் போதுமா?

---

அகிலா_ஆய்வகம் | நவம்பர் 19, மதியம் 3:15

நிறுத்தாதீர்கள் அம்மா. கடலையைப் போல அந்த விலையில் சத்துள்ள பொருள் நம்மிடம் வேறு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இந்த வயதில் முழுப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அம்மாக்கள் ஏற்கெனவே செய்துவந்ததுதான். பச்சையாக வாங்கி, தட்டில் பரப்பி, கருத்தது சுருங்கியது உடைந்தது பூஞ்சணம் பட்டது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு வீட்டிலேயே வறுங்கள். வறுத்துத் தோல் நீக்கி மாவு பூசி விற்கும் கடலையில் சொத்தை எது என்று கண்ணுக்குத் தெரியாது. வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். கசப்பு நஞ்சின் ருசி இல்லை, ஆனால் பருப்பு கெட்டுவிட்டது என்று அது சொல்கிறது.

டார்ச் வேண்டாம். கடலைத் தோலிலேயே ஒளிர்கிற வேறு பொருள்கள் உண்டு. நல்லதும் மின்னும், கெட்டது மின்னாமலும் இருக்கும்.

தடுப்பூசி நஞ்சைத் தடுக்காது. ஆனால் அந்த 60 மடங்கு உருவாகாமல் தடுக்கும், அதனால் கட்டாயம் வேண்டும். நம் மாநிலத்திலும் கேரளத்திலும் 2011 டிசம்பரிலேயே ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை அரசு கொண்டுவந்தது, அதில் ஹெபடைடிஸ் பி அடக்கம். பிறந்தவுடன் ஒன்று தனியாகவும் போடுவார்கள். பையனின் அட்டையைப் பாருங்கள், இருக்கும்.

---

செக்குமேடு | நவம்பர் 19, இரவு 8:50

காங்கயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலைப் பற்றி நாங்களே பேசாவிட்டால் யார் பேசுவது?

எங்களிடம் இரண்டு விதமாகக் கடலை வரும். ஒன்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுத்த காய். அடுத்தது, பருப்பு தரம் பிரிக்கிற இடங்களில் ஒதுக்கிய உடைசலும் சுருங்கலும். இந்த இரண்டாவது கிலோவுக்கு 20, 30 ரூபாய் குறைவு. எண்ணெய் என்னவோ கிட்டத்தட்ட அதே அளவு வரும். வாடிக்கையாளர் பாட்டிலில் பார்ப்பது நிறமும் மணமும்தான், உள்ளே போன பருப்பை யாரும் பார்ப்பதில்லை. தொழில் ஆரம்பித்த முதல் வருடம் நானும் அந்த உடைசலை வாங்கி ஆட்டினேன். தெரியாமல் செய்தேன். தெரிந்தபின் விட்டுவிட்டேன்.

அகிலா மேடம், எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி. எண்ணெயைத் தெளியவைக்க மொட்டை மாடியில் எவர்சில்வர் பாத்திரத்தில், மேலே வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் வெயிலில் வைக்கிறோம். வெயில் நஞ்சை முறிக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? ரீஃபைன்ட் எண்ணெயில் இது இல்லை என்று வேறு சொல்கிறார்கள். அப்படியானால் செக்கெண்ணெயை விட அதுதான் நல்லதா?

---

அகிலா_ஆய்வகம் | நவம்பர் 19, இரவு 10:10

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி அண்ணா. வெயில் விஷயத்தில் உண்மை இருக்கிறது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களில் இதைச் சோதித்தார்கள். கடலை எண்ணெயில் கரைந்திருந்த அஃப்ளாடாக்சின் நேரடி வெயிலில் சிதைந்தது. ஆனால் வெளிச்சம் எண்ணெய்க்குள் புகுந்தால்தான் அது நடக்கும். ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் துணி கட்டி வைத்தால் மேலே இருக்கும் மெல்லிய படலம் தவிர மற்றது இருட்டில்தான் இருக்கிறது. வண்டல் நன்றாக அடியில் தங்கும், அதோடு கொஞ்சம் நஞ்சும் போகும். அதை நம்பிக் கெட்ட பருப்பை ஆட்டக் கூடாது.

ரீஃபைன் செய்யும்போது காரம் சேர்ப்பார்கள், களிமண் போட்டு வெளுப்பார்கள். அதில் நஞ்சு ஏறக்குறைய முழுதும் போய்விடும், உண்மை. செக்கில் அந்தப் படி இல்லை. அதனால் செக்கெண்ணெய் கெட்டது என்று ஆகாது. உள்ளே போகும் பருப்பு எப்படியோ எண்ணெயும் அப்படி. உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு பொறுக்குவதுதான்.

ஏன் பொறுக்குவதையே இத்தனை தடவை சொல்கிறேன் என்றால், இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஆயிரத்தில் ஒரு பருப்பில் இருக்கும், இருந்தால் மலை போல இருக்கும். ஒரே பருப்பில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவுக்கும் மேலே கண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட பருப்பு அரை கிராம் எடை என்றால் அதில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. அது ஒன்று மட்டும் 50 கிலோ மூட்டையில் விழுந்து, மூட்டை மொத்தமும் அரைபட்டால், கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பை ஒரே பருப்பு தொட்டுவிடுகிறது! அந்த ஒன்றை ஒரு பாட்டியம்மாவின் விரல் எடுத்துவிட்டால் மூட்டை சுத்தம்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதிலும் இதுதான் சிக்கல். மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பி, 'நஞ்சு இல்லை' என்ற தாளை வாங்கி மாட்டிவைக்கிறார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, பல கிலோ சேர்த்து, மொத்தமாக அரைத்து, அதிலிருந்து எடுக்க வேண்டும்.

---

பட்டிமருத்துவர் | நவம்பர் 20, காலை 7:00

முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். செஞ்சித் தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எண்ணெய் பிழியும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெய் பிரிந்து எடை குறைவதால் கிலோவுக்கு நஞ்சு இன்னும் கூடும். ஆக, கழிவுப் பருப்பை விட மோசமானது கழிவுப் பருப்பின் புண்ணாக்கு. அதை நாம் கன்று ஈன்ற மாட்டுக்கு 'பால் கூடும்' என்று இரண்டு கிலோ ஊறவைத்துக் கொடுக்கிறோம்.

மாடு உடனே விழாது. அதுதான் இதில் ஆபத்து. தீனி எடுப்பது குறையும், பால் அரை லிட்டர் ஒரு லிட்டர் இறங்கும், சினை பிடிக்காது, தடுப்பூசி போட்டும் நோய் வரும். கன்றுதான் முதலில் வாடும். என் வேலைக் காலத்தில் இதையெல்லாம் குடற்புழு என்றும் தாதுச்சத்துக் குறைவு என்றும் எழுதி மருந்து கொடுத்திருக்கிறேன். புண்ணாக்கை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல செய்தி ஒன்று. கெட்ட தீவனம் தின்ற பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் எம்1 பாலில் தெரியும். தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். ஆகவே தம்பி, அந்தப் பழைய மூட்டையை இன்றே நிறுத்துங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரர்கள் வழக்கமாக அங்கே மாதிரி கொடுப்பார்கள், நீங்களும் கொடுக்கலாம். வேறு நல்ல ஆய்வகம் பக்கத்தில் இருந்தாலும் சரி.

பொதுவாகவும் ஒன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. எல்லோரும் யூரியா, சோப்புத்தூள் கலப்படம்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அது வெகு சிலவற்றில்தான் இருந்தது. எம்1 நஞ்சு 368 மாதிரிகளில், அதாவது நூற்றுக்கு 5.7இல், வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் தாண்டியது நம் தமிழ்நாடு, 551 மாதிரிகளில் 88. பாக்கெட் பாலில் கறந்த பாலை விட அதிகம். காரணம் தீவனம் என்று ஆணையமே சொன்னது. கலப்படக்காரனைப் பிடித்து உள்ளே போடலாம். இதற்கு யாரைப் பிடிப்பது? மாட்டுக்காரன் நல்லது என்று நினைத்துக் கொடுத்த புண்ணாக்கு அது.

---

வடமராட்சி | நவம்பர் 20, மாலை 5:45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கச்சான் என்பதைத்தான் நீங்கள் மல்லாட்டை, கடலை என்கிறீர்கள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்களுக்கு இந்த நஞ்சின் பெயர் தெரியவந்தது 2021 மார்ச்சில். இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடாக்சின் இருப்பதாகச் சோதனையில் தெரிந்து நாடே பரபரப்பானது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுடுகிற காலம். கடையில் எண்ணெய் வாங்கச் சனம் பயந்தது. அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதோடு பேச்சும் அடங்கிவிட்டது.

ஆனால் நான் யோசித்தது எங்கள் வீட்டுக் கொப்பராவைப் பற்றி. மாரி காலத்தில் தேங்காய் உடைத்தால் வெயில் கிடையாது. இரண்டாம் நாளே உட்பக்கம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் படரும். அம்மம்மா அதைத் துணியால் துடைத்துவிட்டு மில்லுக்கு அனுப்புவா. கப்பலில் வந்த எண்ணெயில் இருந்த நஞ்சு, எங்கள் முற்றத்துக் கொப்பராவில் மட்டும் வராமல் இருக்குமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. துடைத்தால் போகுமா, அக்கா?

---

அகிலா_ஆய்வகம் | நவம்பர் 20, இரவு 9:20

போகாது. மேலே தெரிவது பூஞ்சையின் பொடி மட்டும். வேர் மாதிரி இழைகள் உள்ளே போயிருக்கும், நஞ்சும் உள்ளே இருக்கும். மாரி காலத்தில் வெயிலை நம்பாமல் சிரட்டைக் கரி அடுப்பில் சூடு காட்டிக் காயவைப்பது நல்லது. உடைத்த முதல் நாளிலேயே ஈரம் இறங்கத் தொடங்க வேண்டும். படர்ந்த துண்டுகளைத் துடைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

---

ஆடிப்பட்டம் | நவம்பர் 21, காலை 6:10

நேற்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பற்றி அகிலா அம்மா எழுதிய வரி மனதில் நிற்கிறது. என் சித்தப்பா 52இல் அப்படித்தான் போனார். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது, இதுதான் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவரைக் கணக்கில் சேர்க்காமல் தாத்தாவை மட்டும் நான் சேர்த்தது சரியில்லை.

ஒன்றில் நான் மாறவில்லை. இது விவசாயியின் தப்பு என்று முடித்துவிடக் கூடாது. புரட்டாசியில் மண் காய்ந்தால் காய் மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சை ஏறிவிடும். அவன் என்ன செய்வான்? வியாபாரி பருப்பு உடையக் கூடாது என்று காய்மேல் தண்ணீர் தெளித்து உடைக்கிறான், அது யார் தப்பு? பொறுக்கிய நல்ல பருப்புக்குக் கூடுதல் விலை இல்லை, பொறுக்காததும் அதே விலைக்குப் போகிறது. அப்புறம் யார் பொறுக்குவார்கள்?

---

பட்டிமருத்துவர் | நவம்பர் 21, காலை 8:30

நீங்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். தண்ணீர் தெளித்து உடைப்பதைப் பற்றி இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் கடலைக்கென்றே பெரிய ஆராய்ச்சி அங்கே நடக்கிறது.

வயலில் செய்யக்கூடியதும் இருக்கிறது. 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறது நம் வேளாண் பல்கலைக்கழகம். காய் திரள என்றுதான் நாம் போடுகிறோம். சுண்ணாம்புச் சத்து ஏறினால் ஓடு உறுதியாகும், பூஞ்சை நுழைவதும் குறையும். தொழு உரமும் உதவும். கடைசி மூன்று நான்கு வாரத்தில் ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் விட முடிந்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. மானாவாரிக்காரனிடம் இதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை, இருந்தாலும் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

பிடுங்கியதும் குவிக்காதீர்கள். செடியைத் தலைகீழாக, காய் மேலே வருமாறு வரிசையாகப் போடுங்கள். மழை வந்தால் தார்ப்பாயை நேராகக் காய்மேல் போட்டு மூடாமல், கம்பு நட்டு பந்தல் மாதிரி கட்டி, பக்கவாட்டில் காற்று போக விடுங்கள். காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகுதான் சாக்கு. பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், சணல் சாக்கைத் தரையில் வைக்காமல் கட்டை மேல் அடுக்குங்கள்.

ஆப்பிரிக்காவில் வேறு ஒரு வழியும் ஓடுகிறது. நஞ்சு உண்டாக்கத் தெரியாத அதே இனப் பூஞ்சையை, சோளத்தில் ஏற்றி வயலில் தூவுகிறார்கள். அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடுவதால் நஞ்சுப் பூஞ்சைக்கு இடமில்லை. அஃப்ளாசேஃப் என்று பெயர், நைஜீரியாவில் தொடங்கிப் பல நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே பூஞ்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மண்ணுக்கும் அப்படி ஒன்று விவசாயி கைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

---

செஞ்சிக்காரன் | டிசம்பர் 9, இரவு 8:05

தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவர் ஐயா சொன்ன அன்றே பழைய புண்ணாக்கை நிறுத்தினேன். மாதிரியை அகிலா அக்கா சொன்ன மாதிரி மேல், நடு, அடி என்று எடுத்துக் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. பி1, கிலோவுக்கு 110 மைக்ரோகிராம்.

இது அதிகமா? பாலில் எவ்வளவு வந்திருக்கும்? ஒரு மாட்டுக்குத் தினம் 2 கிலோ வைத்தோம். 8 லிட்டர் கறக்கும்.

---

அகிலா_ஆய்வகம் | டிசம்பர் 9, இரவு 9:30

மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20. கலப்புத் தீவனத்துக்கு வைத்தது அது, இருந்தாலும் 110 அதிகம்தான்.

2 கிலோவில் 220 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு பாலுக்கு வரும். 2 என்று வைத்தால் 4.4, எட்டு லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 0.55. நம் நாட்டில் பாலுக்கு வரம்பு 0.5. ஐரோப்பாவில் 0.05.

தம்பி, பயப்பட வேண்டாம். குழந்தைக்கு இப்போதே ஏதோ ஆகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வரம்பு என்பது வாழ்நாள் முழுக்கக் குடிப்பதை வைத்து எழுதியது. நீங்கள் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, பால் எப்போதோ தெளிந்துவிட்டது. தடுப்பூசி அட்டையை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

---

செஞ்சிக்காரன் | டிசம்பர் 9, இரவு 10:15

அட்டையைப் பார்த்தேன் அக்கா, எல்லாம் போட்டிருக்கிறது.

அந்த 35 கிலோவையும் மீதிப் புண்ணாக்கையும் என்ன செய்வது? குப்பைமேட்டில் போட்டால் கோழி கிளறும். வயலில் போட்டால் பூஞ்சை பெருகும் என்று படித்தேன். ஒரு வியாபாரி கிலோ 40 ரூபாய்க்குக் கேட்கிறார்.

---

பட்டிமருத்துவர் | டிசம்பர் 10, காலை 6:40

விற்காதீர்கள். விற்றால் வேறொரு வீட்டுப் பாலுக்குப் போகும். தீவன ஆலைகளில் பென்டோனைட் களிமண் கலந்து நஞ்சைக் கட்டுகிறார்கள், சில நாடுகளில் அமோனியா வைத்து முறிக்கிறார்கள். இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலை இல்லை. எரித்துவிடுங்கள். தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள், சமையல் அடுப்பில் வேண்டாம்.

---

செக்குமேடு | டிசம்பர் 10, காலை 9:20

தம்பி, 35 கிலோவுக்கு 1,400 ரூபாய். உங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை என்று தெரியும். ஆடிப்பட்டம் ஐயா கேட்டதற்கு என்னால் முடிந்த பதில் இது. அடுத்த பட்டத்தில் காய் காய்ந்து, பொறுக்கிய பருப்பாகக் கொடுத்தால் சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு 6 ரூபாய் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். கழிவைப் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள் என்பதைக் காட்டினால் போதும். இந்த இழையைப் படிக்கிற மற்ற செக்குக்காரர்களும் முடிந்ததைச் செய்தால் நன்றாக இருக்கும்.

---

செஞ்சிக்காரன் | டிசம்பர் 12, இரவு 7:50

ரொம்ப நன்றி அண்ணே. தை பிறந்ததும் உங்களுக்குப் பேசுகிறேன்.

இன்று சாயங்காலம் செங்கல் சூளைக்காரரிடம் சொல்லி அவர் சூளையிலேயே போட்டுவிட்டோம். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. விளைந்த பொருளை நெருப்பில் போடுவதா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த 110ஐயும், பால் கணக்கையும், பாப்பா குடிக்கிற டம்ளரையும் காட்டிச் சொன்னேன். கடைசியில் மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். வாயை அவிழ்த்து ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து, உள்ளே பார்த்துவிட்டு, மற்றதோடு சேர்த்துக் கொட்டினார்.